வற்றின மடிவீக்கம் திரும்ப வருவது ஏன்?

கேள்வி (ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகி): ஐயா, என்னிடம் ஜேர்சிக் கலப்பில் இரண்டு பசுக்கள் நிற்கின்றன. மூத்தது மூன்றாம் கன்று போட்டு ஒன்றரை மாதம். போன மாதம் வலப்பக்கப் பின்காம்புப் பக்கம் மடி வீங்கி, பால் திரிதிரியாக வந்தது. பக்கத்து வளவு அண்ணன் பாமசியில் மருந்து வாங்கி இரண்டு நாள் ஊசி போட்டார், வற்றிவிட்டது. மூன்று கிழமையில் அதே இடம் மறுபடியும் வீங்கியிருக்கிறது. ஒன்பது லீற்றர் தந்த மாடு ஐந்துக்கு இறங்கிவிட்டது. இளைய மாட்டின் மடியில் ஒரு குறையும் தெரியவில்லை, ஆனால் அதன் பாலையும் திரைகிறதென்று திருப்பிவிட்டார்கள். கண்ணூறு என்கிறார்கள். மூத்ததை விற்றுவிடவா?

பதில்: விற்பதைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் மாடு தீனி தின்கிறதா, எழுந்து நிற்கிறதா என்று பாருங்கள். பால் தண்ணீராகி மஞ்சளித்து வந்தாலோ, காது குளிர்ந்து மாடு படுத்துவிட்டாலோ, காம்பு நீலம் பாரித்துக் குளிர்ந்தாலோ, அது மணித்தியாலக் கணக்கில் உயிரை வாங்குகிற வகை. விடியட்டும் என்று இருக்காமல் கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லாததால் மற்றதை ஆறுதலாகச் சொல்கிறேன்.

இந்த நோய் திரும்பி வந்ததென்று நான் நினைக்கவில்லை. முதல் முறையே முழுதாகப் போகாமல் உள்ளே இருந்திருக்கிறது. இந்த மடிவீக்க நோயை, அதாவது மடியழற்சியை, கொண்டுவரும் கிருமிகளில் ஸ்டஃபைலோகொக்கஸ் ஓரியஸ் என்று ஒன்று இருக்கிறது. மடிக்குள் போனதும் தசைக்குள் சிறு சிறு கட்டிகளாகத் தன்னைச் சுற்றி வேலி போட்டுக்கொள்ளும். இரண்டு நாள் ஊசிக்கு வீக்கம் வற்றும், திரி நிற்கும், நாமும் சுகம் என்று நினைத்து மருந்தை நிறுத்துவோம். வேலிக்குள் இருப்பது அப்படியே இருக்கும். அந்த அண்ணன் நல்ல மனதோடுதான் செய்திருக்கிறார். ஆனால் எந்தக் கிருமி என்று தெரியாமல் போடும் அரைகுறை ஊசி, அடுத்த முறை அதே மருந்து வேலை செய்யாமல் போவதற்கு வழி வைக்கும். கண்ணூறு கழிப்பதென்றால் கழியுங்கள், அதோடு பால் மாதிரியையும் எடுத்துக்கொண்டு உங்கள் பிரிவுக் கால்நடை வைத்தியர் பணிமனைக்குப் போங்கள். மருந்து தொடங்குவதற்கு முன் எடுத்த மாதிரியாக இருக்க வேண்டும். காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் இரண்டு மூன்று பீச்சலை விட்டுவிட்டு, அவர்கள் தரும் சுத்தமான போத்தலில் பிடியுங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று ஆய்வுகூடத்தில் பார்த்துச் சொல்வார்கள். கன்னொறுவையில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் வரை மாதிரி அனுப்ப வழி உண்டு, வைத்தியரிடம் கேளுங்கள்.

இனி உங்கள் இளைய மாடு. எனக்குக் கூடுதல் கவலை அதைப் பற்றித்தான். மடியழற்சியில் கண்ணுக்குத் தெரிவதைவிடத் தெரியாததே அதிகம். மடி வீங்காது, பால் பார்வைக்கு நல்லதாக இருக்கும், கறவை மட்டும் மெல்ல மெல்லக் குறையும். நல்ல மடியில் ஒரு மில்லிலீற்றர் பாலில், மாட்டின் உடலிலிருந்து பாலுக்குள் இறங்கும் உடற்கலங்கள் (செல்கள்) இரண்டு இலட்சத்துக்குக் குறைவாகவே இருக்கும். அதற்கு மேலே போனால் உள்ளே கிருமியோடு சண்டை நடக்கிறது என்று அர்த்தம். இதை வீட்டிலேயே பார்க்கலாம். அரை லீற்றர் தண்ணீரில் சலவைத் தூள் 15 கிராம் அளவு கரையுங்கள். நான்கு சிரட்டைகளைக் கழுவி, எது எந்தக் காம்புக்கு என்று குறித்து வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றிலும் அந்தந்தக் காம்பின் பாலைக் கொஞ்சம் பீச்சி, அதே அளவு கரைசலை ஊற்றி அரை நிமிடம் மெல்லச் சுழற்றுங்கள். நல்ல பால் தண்ணீர்போல ஓடும். நோயுள்ள பால் கட்டிகட்டியாகி, அதிகமாக இருந்தால் கூழாகத் திரண்டு சிரட்டையைச் சரிக்கும்போது ஒரே பிண்டமாக வழுகும். கன்று போட்ட முதல் கிழமையிலும் பால் வற்றப்போகும் காலத்திலும் நல்ல மடியே இப்படிக் காட்டக்கூடும், அந்த நாட்களில் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். இளையதில் ஏதாவது ஒரு சிரட்டை திரண்டால் அதன் மாதிரியையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.

அப்படியென்றால் மூத்ததிலிருந்து இளையதுக்கு எப்படிப் போகும்? ஈ கொண்டுபோகலாம், ஒரே துணியால் இரண்டு மடியையும் துடைத்தால் போகலாம். பெரும்பாலும் கொண்டுபோவது கறக்கிற கைதான். வன்னியில் நான் பார்த்த கொட்டில்கள் பலவற்றில் கறப்பவர் விரலைப் பாலிலேயே தோய்த்துத் தோய்த்து வழுக்கிக் கறக்கிறார். தயவுசெய்து இந்தப் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். அந்தப் பால் ஈரத்தில்தான் கிருமி காம்புக்குக் காம்பு, மாட்டுக்கு மாடு ஏறுகிறது. பெருவிரலை மடித்து அதன் முட்டியால் இழுப்பதும் காம்பைக் காயப்படுத்தும். முழுக்கையால் பிடித்துக் கறப்பதே நல்லது. கறக்குமுன் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவி, காம்பைக் கழுவினால் கட்டாயம் உலரத் துடையுங்கள், ஒரு மாட்டுக்கு ஒரு துணி. முதல் பீச்சலைக் கறுத்தத் துணி கட்டிய கோப்பையில் விட்டால் திரி இருப்பது உடனே தெரியும். எப்போதும் நல்ல மாடு முதலில், நோயுள்ளது கடைசியில். மூத்ததிலும் நல்ல மூன்று காம்பை முடித்துவிட்டுத்தான் நான்காவதுக்கு வர வேண்டும். அந்தப் பாலைக் கொட்டில் நிலத்தில் பீச்ச வேண்டாம், கன்றுக்கும் வேண்டாம். அந்தக் காம்பைக் கன்று ஊட்டவும் விடாதீர்கள்.

மருந்து என்ன, எத்தனை நாள் என்பதை வைத்தியர் சொல்லட்டும், சொன்ன நாள் முழுக்கப் போடுங்கள். மடிக்குள் ஏற்றும் ரியூப் தந்தால் போடும் முறையில்தான் பாதி பலன் இருக்கிறது. மடியை முழுதாகக் கறந்து வெறுமையாக்கிவிட்டு, ஸ்பிரிட் பஞ்சால் காம்பின் துளையைத் துடைத்துத் துடைத்து, பஞ்சில் அழுக்கு வருவது நிற்கும் வரை போக வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட காம்பு என்றால், துடைப்பதைத் தூரக் காம்பில் தொடங்கி, ரியூப் போடுவதை உங்களுக்குக் கிட்ட உள்ளதில் தொடங்குங்கள், அப்போதுதான் துடைத்ததில் கை படாது. நுனியைக் கொஞ்சம்தான் உள்ளே விட வேண்டும், ஆழமாகக் குத்தினால் வெளியே இருந்த கிருமியை நாமே உள்ளே தள்ளிவிடுவோம். ஒரு காம்புக்கு ஒரு ரியூப், மிச்சத்தை மற்றக் காம்பில் போடாதீர்கள். கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்து மடியில் பூசுவது நம் பக்கத்தில் வழக்கம். வீக்கத்துக்கு மேற்பூச்சாக அது இருக்கட்டும். மடிக்குள் குடியிருக்கும் கிருமிக்கு அதை மட்டும் நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

மருந்து போடும் நாட்களிலும், அதற்குப் பிறகு மருந்துப் பெட்டியில் எழுதியிருக்கும் நாட்களிலும் நான்கு காம்புப் பாலுமே விற்பனைக்கு ஆகாது. ஒரு காம்பில் போட்ட மருந்து மற்றக் காம்புப் பாலிலும் இறங்கும். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாத பிள்ளை அதைக் குடித்தால் ஆபத்து. தயிருக்கு உறை ஊற்றுகிறவருக்கும் நட்டம், மருந்துள்ள பால் சரியாக உறையாது. ஐந்து லீற்றரையும் கொட்ட மனம் வராது என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் கொட்டத்தான் வேண்டும்.

மாரியில் நம் கொட்டில்கள் சேறும் சாணமுமாகக் கிடப்பது அடுத்த காரணம். சாணத்தில் இருக்கும் ஈ.கோலை (E. coli) போன்ற கிருமிகள் அங்கிருந்துதான் ஏறுகின்றன. கறந்து முடித்தபின் காம்புத் துளை அரை மணித்தியாலமளவு திறந்தே இருக்கும். அந்த நேரம் மாடு படுக்காமல் நிற்க வேண்டும், அதற்குக் கறந்ததும் புல்லை முன்னால் போடுங்கள், நின்று தின்னும். கறந்தவுடன் காம்பை அயடின் கரைசலில் தோய்த்து எடுப்பதும் இதற்குத்தான். மழை தொடங்குமுன் கொட்டிலைக் கிரவல் போட்டு உயர்த்தி, படுக்கிற இடத்தில் மணல் பரப்புங்கள். மரத்தூளும் உமியும் ஈரமானால் கிருமி பெருகும்.

சினைப்பட்ட பிறகு கன்று போட இரண்டு மாதம் இருக்கும்போது கறவையை நிறுத்திவிட வேண்டும். அந்த நேரத்தில் நான்கு காம்பிலும் போடுவதற்கென்றே தனி ரியூப் உண்டு. கறவை நேரத்தில் மசியாத நோய்கூட அப்போது அடங்குவது உண்டு.

சரி, விற்பதா? ஆய்வு முடிவு வரட்டும். வீங்கிய பக்கத்தைக் கறந்துவிட்டு அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் முழு மருத்துவம் செய்து பாருங்கள், மூன்றாம் ஈற்று மாட்டை இழக்கத் தேவையில்லை. உள்ளே கல்லுப்போலக் கட்டி கையில் தட்டுப்பட்டால் அந்தக் காம்பு பழைய நிலைக்கு வருவது கடினம். அப்போதும் வைத்தியரின் சொல்லோடு அந்த ஒரு காம்பை மட்டும் வற்றவிட்டு, மூன்று காம்பில் கறக்கலாம், ஆனால் கடைசியாகத்தான் கறக்க வேண்டும். இரண்டாவது காம்பும் கட்டியாகத் தொடங்கினால் மாட்டையே கறவையிலிருந்து கழித்துவிடுங்கள். கறவை மாடென்று சொல்லி இன்னொரு கொட்டிலுக்குக் கொடுக்காதீர்கள், அங்கே நிற்கும் மாடுகளுக்கும் இதே நோய் போகும்.