சர்வதேசக் காட்டுயிர்க் கடத்தல் என்றால் என்ன? அது ஏன் நிற்பதில்லை?

ஒரு நாட்டுக் காட்டில் சட்டவிரோதமாகப் பிடித்த உயிரையோ அதன் தந்தம், கொம்பு, தோல், செதிலையோ திருட்டுத்தனமாக எல்லை தாண்டிக் கொண்டுபோய் விற்பதுதான் காட்டுயிர்க் கடத்தல். இதைத் தடுக்கத்தான் அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களைப் பட்டியலிட்டு, நாடுகளுக்கிடையே அவற்றின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) ஒப்பந்தம் 1975 முதல் நடைமுறையில் இருக்கிறது.

அப்புறம் ஏன் நிற்கவில்லை? வேட்டையாடுபவருக்குக் கிடைப்பது சொற்பம். கைமாறக் கைமாற விலை ஏறும், லாபமெல்லாம் நடுவில் இருப்பவர்களுக்கு. ஒருவர் பிடிபட்டாலும் வாங்க ஆள் இருக்கும்வரை இன்னொருவர் காட்டுக்குள் போவார்.

எறும்புதின்னி என்று நாம் சொல்லும் அழுங்கைப் பாருங்கள். ஆபத்து வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். சிங்கத்தின் பல்லுக்கே மசியாத அந்தக் கவசம் மனிதனிடம் பலிக்காது. ஓடாமல் கிடப்பதை அப்படியே தூக்கிச் சாக்கில் போட்டுவிடலாம். 2019 ஏப்ரலில் சிங்கப்பூரில் ஒரு கன்டெய்னரைத் திறந்தார்கள். நைஜீரியாவிலிருந்து வியட்நாமுக்குப் போகும் உறைந்த மாட்டிறைச்சி என்று காகிதத்தில் இருந்தது. உள்ளே இருந்தது 12.9 டன் அழுங்குச் செதில், அதற்காகப் பலியானவை சுமார் 17,000 உயிர்கள். மருந்தென்று நம்பி வாங்கும் அந்தச் செதில் வெறும் கெரட்டின், நம் நகத்தில் இருக்கும் அதே பொருள். நினைத்தாலே வயிறு எரிகிறது.

அழுங்கு பெரும்பாலும் ஒரு ஈற்றில் ஒரே குட்டிதான் போடும். ஊற்று மெல்லச் சுரக்கும் கிணற்றில் மோட்டார் வைத்து இறைத்தால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும்.

இன்னொன்று, கடத்தல் என்றாலே யானை, புலி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் சைட்டிஸ் பட்டியலில் விலங்குகளைவிடத் தாவரங்களே அதிகம், ரோஸ்வுட் மரங்களும் ஆர்க்கிட் செடிகளும் அதில் உண்டு.