மிஞ்சிய பதினைந்து நிமிடம்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தை இரண்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். வாரம் ஒன்றரை மணி நேரம், 25 பேர் வருகிறார்கள். பாட்டு, விளையாட்டு, சாட்சி, அறிவிப்பு எல்லாம் போக வேதபாடத்துக்கு 15 நிமிடம்தான் மிஞ்சுகிறது. அதை நீட்டினால் செல்போனை எடுத்துவிடுகிறார்கள். வேதபாடத்தைச் சுவாரசியமாக்க நல்ல பாடப்புத்தகம் ஒன்று சொல்வீர்களா? செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடலாமா?

இப்படிக்கு,
ஒரு வாலிபர் ஊழியர்

அன்புள்ள தம்பி,

இரண்டு ஆண்டுகளாக வாரம் தவறாமல் அந்தப் பிள்ளைகளோடு உட்காருகிறீர்கள். அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் "மிஞ்சுகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. நீங்கள் மிச்சமாகக் கொடுப்பதை அவர்கள் மிச்சமாகத்தான் வாங்கிக்கொள்கிறார்கள்.

வேதத்தைச் "சுவாரசியமாக்க" வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். பிள்ளைகள் வேதத்தில் சலித்துப்போனார்கள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? பெரும்பாலான கூட்டங்களில் அந்த 15 நிமிடத்தில் வேதம் திறக்கப்படுவதே இல்லை. ஒரு வசனம் வாசிக்கப்படுகிறது, பிறகு பரீட்சை, நட்பு, கீழ்ப்படிதல் என்று ஆலோசனை தொடங்கிவிடுகிறது. வசனமே இல்லாமலும் அதைச் சொல்லியிருக்கலாம் என்று 17 வயதுப் பிள்ளைக்குத் தெரியாதா?

பரீட்சைக் காலத்தில் எல்லாருக்கும் பிலிப்பியர் 4:13 சொல்லிக்கொடுக்கிறோம்: "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." கட்டுண்டவனாகப் பவுல் எழுதிய கடிதம் அது. முந்தின வசனத்தில் பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் தான் போதிக்கப்பட்டதைச் சொல்கிறார். அதை விட்டுவிட்டு 13ஐ மட்டும் கொடுத்தால், தேர்வில் தோற்ற பிள்ளைக்கு அந்த வசனம் பொய்யாகத் தெரியும். தோற்றவனுக்கு ஆறுதலாக அங்கேயே எழுதியிருந்ததை நாம்தான் வெட்டி எடுத்துவிட்டோம்.

ஆகவே வேதத்தில் ஒரு புத்தகத்தை எடுத்து வரிசையாக வாசியுங்கள். மாற்கு சுவிசேஷத்தில் 8:22 முதல் 10:52 வரை எட்டு வாரத்துக்குச் சரியாக வரும். பெத்சாயிதாவில் ஒரு குருடனை இயேசு தொடுகிறார். அவன் "நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்" என்கிறான். இரண்டாம் முறை தொட்டபின்தான் தெளிவாகப் பார்க்கிறான். ஏன் இரண்டு முறை? பதிலை நீங்கள் சொல்லாதீர்கள், தொடர்ந்து வாசிக்க விடுங்கள். சில வரிகள் கழித்துப் பேதுரு "நீர் கிறிஸ்து" என்கிறான். உடனே இயேசு தம் பாடுகளைப் பற்றிப் பேச, அதே பேதுரு அவரைக் கடிந்துகொள்கிறான். பார்வை வந்துவிட்டது, தெளிவு வரவில்லை.

இந்தப் பகுதியில் மூன்று முறை (8:31, 9:31, 10:33) இயேசு தம் மரணத்தை முன்னறிவிக்கிறார். மூன்று முறையும் சீஷர்கள் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். இரண்டாம் முறைக்குப் பின் தங்களில் யார் பெரியவன் என்று வழியில் வாக்குவாதம். மூன்றாம் முறைக்குப் பின் யாக்கோபும் யோவானும் வலப்பக்கமும் இடப்பக்கமும் இடம் கேட்கிறார்கள். பகுதி முடியும் இடத்தில் இன்னொரு குருடன், பர்திமேயு. என்ன செய்யவேண்டும் என்று அந்த இருவரிடம் கேட்ட அதே கேள்வியை இயேசு அவனிடமும் கேட்கிறார். அவர்கள் ஆசனம் கேட்டார்கள், அவன் பார்வை கேட்கிறான். இதை ஒரு பிள்ளை தானே கண்டுபிடித்துத் தலைநிமிர்ந்து பார்க்கும் அந்த ஒரு நொடியைத்தான் 15 நிமிட ஆலோசனை திருடிவிடுகிறது.

செய்முறை கடினமானதில்லை. பகுதியைத் தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். வரிகளுக்கிடையே நல்ல இடைவெளி விடுங்கள், உபதலைப்பும் வசன எண்ணும் வேண்டாம். இன்றைய வசன எண்கள் புதிய ஏற்பாட்டில் நுழைந்தது ராபர்ட் எஸ்தியேன் 1551ல் அச்சிட்ட பதிப்பில்தான். மாற்கு எழுதும்போது அவை இல்லை. ஆளுக்கொரு பென்சில், குழுவுக்கு ஆறேழு பேர். முதலில் ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும், பிறகு ஐந்து நிமிடம் மௌனமாக வாசித்து, திரும்பத் திரும்ப வரும் சொற்களை வட்டமிடட்டும். ஆறு கேள்வி போதும்: என்ன எழுதியிருக்கிறது என்று மூன்று, ஏன் என்று இரண்டு, நமக்கு என்ன என்று கடைசியில் ஒன்று. அந்தக் கடைசிக் கேள்வியை முதலில் கேட்பதால்தான் பாடம் கெடுகிறது. பகுதியைப் பார்க்காமலே "ஜெபிக்கணும், வேதம் வாசிக்கணும்" என்று பதில் வந்துவிடும். அடுத்த தவறு, கேள்வி கேட்டு மூன்று நொடியில் தலைவரே பதில் சொல்வது. மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். அந்த மௌனத்தில்தான் அவர்கள் தாளைத் திரும்பப் பார்க்கிறார்கள். இன்னொன்று, ஒத்த வசனம் தேடி ரோமர், ஏசாயா என்று தாவுவது. நன்றாகத் தெரிந்த இரண்டு பேர் மட்டும் பேசுவார்கள், புதிதாக வந்தவன் வாயை மூடிக்கொள்வான்.

குழுத் தலைவர்கள் இரண்டு நாள் முன்பே கூடி அதே தாளை அதே முறையில் வாசித்திருக்க வேண்டும். இதைத் தவிர்க்கிற கூட்டம் மூன்றாம் வாரமே பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

நேரம்: பாட்டு 15 நிமிடம், வேதம் 50, ஜெபம் 15, அறிவிப்பு 5. விளையாட்டைக் கூட்டம் முடிந்தபின் வையுங்கள், இருக்க விரும்புகிறவர்கள் இருப்பார்கள். சாட்சி மாதம் ஒருமுறை போதும்.

எண்ணிக்கை குறையும் என்று நீங்கள் பயப்படலாம். முதல் மாதம் குறையலாம்தான். அதற்காக வந்தவர்களைப் பட்டினி போடுவீர்களா? நெகேமியா 8ல் ஜனங்கள் காலைமுதல் மத்தியானம்வரை வேதவாசிப்பை நின்று கேட்டார்கள். அங்கே நடந்தது என்ன? தீர்க்கமாய் வாசித்தார்கள், அர்த்தம் சொன்னார்கள், விளங்கப்பண்ணினார்கள். ஜனங்கள் அழுதார்கள், பிறகு மிகுந்த சந்தோஷங்கொண்டாடினார்கள். இந்த மூன்றில் எதை நீங்கள் இந்த இரண்டு ஆண்டில் செய்தீர்கள்? கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி, இதை உங்களிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பேன்?

பாடப்புத்தகம் இப்போது வேண்டாம். செல்போனை வாங்கி வைக்கவும் வேண்டாம், ஒரு கையில் தாளும் மறு கையில் பென்சிலும் கொடுங்கள்.

முதல் வாரத்துக்கு மாற்கு 8:22 முதல் 33 வரை எடுங்கள். தாளை வேறு யாரிடமும் கொடுக்காமல் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். அடித்து முடித்ததும் ஐந்து முறை வாசியுங்கள், அதில் இரண்டு முறை சத்தமாக. பிறகு கேள்வி எழுத உட்காருங்கள்.