வாசகர் கேள்வி – பதில்: அறுபதைக் கடந்தபின் கோழி வளர்ப்பு

கேள்வி: எனக்கு வயது 64. பணி ஓய்வு பெற்று ஓராண்டு ஆகிறது. வீட்டின் பின்புறம் கொஞ்சம் இடம் இருப்பதால் சில கோழிகளை வளர்க்க ஆசைப்படுகிறேன். இதுவரை எந்த உயிரையும் வளர்த்துப் பழக்கமில்லை. முழங்கால் வலியும் உண்டு. இந்த வயதில் தொடங்கலாமா? குஞ்சு வாங்குவதா, வளர்ந்த கோழி வாங்குவதா? – ஒரு வாசகி

பதில்: தாராளமாகத் தொடங்குங்கள். கோழி வளர்ப்புக்கு உடல் வலுவைவிட நாள் தவறாத கவனமே முக்கியம். காலையில் கூட்டைத் திறந்து, தண்ணீரை மாற்றி, இரை வைப்பதற்கும், இருட்டும் வேளையில் எல்லாம் வந்து அடைந்துவிட்டனவா என்று எண்ணிப் பார்த்துக் கதவைச் சாத்துவதற்கும் வீட்டோடு இருப்பவர்களால்தான் முடியும். அந்த நேரம் இப்போது உங்களுக்கு வாய்த்திருக்கிறது. உங்கள் பகுதியில் கோழி வளர்க்க அனுமதி உண்டா என்பதை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோழி வருவதற்கு முன்பே கூடு தயாராகிவிட வேண்டும். அந்தக் கூடு கோழிக்கு ஏற்றதாக இருப்பதோடு உங்கள் முழங்காலுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்வேன்; ஏனென்றால், குனிந்தும் மண்டியிட்டும் சுத்தம் செய்ய வேண்டிய கூட்டை வலி உள்ள ஒருவர் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போடுவார், தரையில் பரப்பிய கூளம் (உமி, மரத்தூள் போன்றவை) எச்சத்தால் ஈரமாகி அம்மோனியா நெடி ஏறும், அது கோழியின் கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். கூட்டின் தரையை இரண்டரை அடி உயர்த்தி, ஒரு பக்கம் முழுவதும் திறக்கும்படி கதவு வைத்தால், நின்றபடியே கூளத்தை வழித்து வாளியில் தள்ளிவிடலாம். முட்டைப் பெட்டிக்கு வெளிப்புறமாக ஒரு மூடி வைத்துவிட்டால் உள்ளே கைவிட்டுத் துழாவ வேண்டியதில்லை. கோழிகள் இரவில் ஏறி அமரும் கம்பு முட்டைப் பெட்டியைவிடச் சற்று உயரத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் அவை பெட்டிக்குள்ளேயே உறங்கி அதை எச்சமாக்கிவிடும்.

ஒரு கோழிக்குக் கூட்டினுள் 4 சதுர அடியும், பகலில் உலவும் அடைப்பில் 10 சதுர அடியும் இருந்தால் அவை ஒன்றையொன்று கொத்திக்கொள்வது குறையும். அடைப்புக்கு மெல்லிய அறுகோணக் கண் வலையை நம்பாதீர்கள். நான் அதை நம்பினேன்; ஓரிரவில் ஒரு நாய் அதைக் கிழித்து உள்ளே புகுந்தது, காலையில் இரண்டு கோழிகளின் சிறகுகள்தான் கிடந்தன. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் வலையை வாங்கி, அதன் அடிப்பகுதியை ஓரடி ஆழம் மண்ணில் புதையுங்கள்.

மூன்று கோழிகளோடு தொடங்குவதே சரி. கோழி கூட்டமாக வாழும் பறவை. தனியே விட்டால் ஏங்கும். குஞ்சுகள் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும், முதல்முறை வளர்ப்பவருக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் வாரம் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் கொடுத்து, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பாதி சேவலாகப் போகலாம். முட்டையைப் பார்க்க ஐந்து மாதம் ஆகும். அதனால் 16 முதல் 20 வார வயதுடைய, தடுப்பூசிகள் போடப்பட்ட விடைக்கோழிகளை, அதாவது முட்டையிடும் பருவத்தை நெருங்கிய இளம் பெட்டைகளை வாங்குங்கள். முட்டையிடத் தொடங்கியபின் ஒரு கோழி நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் தீவனம் தின்னும். முட்டைக்கோழித் தீவனத்தில் ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து மிகுந்திருக்கும். பின்னாளில் குஞ்சு வளர்த்தால் அதைக் கொடுத்துவிடாதீர்கள், சிறுநீரகம் கெட்டுவிடும்.

கேள்வி: முட்டைக்குச் சேவல் அவசியமா? – ஒரு வாசகர்

பதில்: இல்லை. குஞ்சு பொரிக்க மட்டுமே சேவல் வேண்டும்.

கேள்வி: கோழிக்கு நோய் என்பதை எப்படிக் கண்டுகொள்வது? என் கணவருக்கு 70 வயது, ஆஸ்துமாவும் உண்டு. கோழியால் அவருக்கு ஏதும் தொற்றுமா? – ஒரு வாசகி

பதில்: கோழி தன் நோயை முடிந்தவரை மறைக்கும். அதனால் நலமாக இருக்கும்போதே அதை நன்றாகப் பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டும். மாலையில் கம்பில் அமர்ந்த கோழியை மெல்ல அணைத்து, கழுத்தின் அடியில் உள்ள தீனிப்பையை விரலால் தொட்டுப் பாருங்கள். அன்று தின்ற இரை திரண்டு கையில் தட்டுப்படும். மறுநாள் காலை, இரை வைப்பதற்கு முன் தொட்டால் அது வற்றிப்போய்ச் சுருங்கியிருக்க வேண்டும். காலையிலும் நிறைந்திருந்தாலோ, கொண்டை வெளிறி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு மூலையில் ஒடுங்கியிருந்தாலோ, எச்சத்தில் இரத்தம் தெரிந்தாலோ, அந்தக் கோழியைப் பிரித்து வைத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வெள்ளைக்கழிச்சல் என்னும் ராணிக்கெட் நோய் வந்தபின் அதைக் குணமாக்கும் மருந்து இல்லை, தடுப்பூசிதான் காப்பு.

தொற்றைப் பொறுத்தவரை, பார்வைக்கு நலமாக இருக்கும் கோழியிடமும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். 65 வயதைக் கடந்தவர்களையும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளையும் அது கடுமையாகத் தாக்கக்கூடும். கோழியையோ முட்டையையோ கூட்டையோ தொட்டபின் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கூட்டுக்கென்று தனிச் செருப்பு வைத்துக்கொண்டு அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். கூளத்தூசு ஆஸ்துமாவைத் தூண்டும் என்பதால் உங்கள் கணவர் கூட்டைச் சுத்தம் செய்யவே வேண்டாம். இரை வைப்பதும் முட்டை எடுப்பதும் அவர் பங்காக இருக்கட்டும்.

கேள்வி: முட்டையிடுவது நின்றுவிட்டால் என்ன செய்வது? – ஒரு வாசகர்

பதில்: ஆண்டுக்கொரு முறை இறகு உதிர்க்கும் இரண்டு மூன்று மாதங்களில் கோழி முட்டையிடாமல் இருப்பது இயல்பு, அதற்குக் கவலைப்பட வேண்டாம். நீங்கள் கேட்பது முதுமையைப் பற்றி என்றால், அதைக் கோழி வாங்கும் முன்பே யோசித்துவிட வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளில்தான் முட்டை மிகுதியாகக் கிடைக்கும், பிறகு ஆண்டுதோறும் குறையும். ஆனால் நல்ல பராமரிப்பில் ஒரு கோழி எட்டு ஆண்டுகள்கூட வாழும். கை நிறைய முட்டை கொடுத்த கோழியைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்பதே என் எண்ணம். அதன் எச்சம் மட்கித் தோட்டத்துக்கு உரமாகும், புழுப் பூச்சியையும் பொறுக்கித் தின்னும். நமக்கும் வயது ஏறும், மருத்துவமனைக்கோ மகள் வீட்டுக்கோ போய்த் தங்க நேரும். அந்த நாள்களில் கூட்டைத் திறந்து மூட ஒருவரை இப்போதே பேசி வைத்து, ஒரு வாரம் உங்களோடு நின்று பழகச் சொல்லுங்கள்; தீவன அளவையும், எந்தக் கோழி எந்தக் கோழியைக் கொத்தும் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டின் கதவில் தொங்கவிடுங்கள்.