பசுமைக்குடிலில் தக்காளிக்கு ஒரு தேனீ, குடைமிளகாய்க்கு வேறு தேனீ என்கிறார்களே, ஏன்?

மகரந்தச் சேர்க்கை என்பது பூவின் ஆண் பகுதியிலுள்ள தூள் பெண் பகுதியில் போய் ஒட்டுவது. உடுமலை, கிணத்துக்கடவுப் பக்கம் திறந்த வயலில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றே தக்காளிப் பூவை உலுக்கிவிடும். பாலித்தீன் கூரைக்குள் அந்தக் காற்று ஏது?

தக்காளியின் மகரந்தப் பை உப்பு டப்பா மாதிரி. தூள் நுனி வழியாகத்தான் வரும், குலுக்கினால்தான் கொட்டும். பம்பிள் தேனீ என்ற குண்டான, மயிரடர்ந்த தேனீ பூவைக் கவ்விக்கொண்டு, பறக்க உதவும் நெஞ்சுத் தசையை அதிரவிட்டு அந்த வேலையைச் செய்கிறது. ஐரோப்பாவில் 1980களின் கடைசியிலிருந்து இதைப் பெட்டியில் வளர்த்துக் குடிலுக்குள் விடுகிறார்கள். நம் சமவெளியில் இது கிடையாது. நம்மூர் நீலவரித் தேனீக்கும் அதிர்க்கத் தெரியும். ஆனால் தனித்தனியாக மண்ணில் கூடு கட்டுகிற சாதி, பெட்டிக்கு அடங்காது. அதனால் செடி கட்டிய கயிற்றைத் தட்டிவிடுவதே இங்கே எளிய வழி.

நாம் வளர்க்கும் அடுக்குத் தேனீக்கு இந்த வித்தை வராது. குடைமிளகாய்ப் பையோ தானாகவே நீளவாக்கில் வெடிக்கும். அதற்குக் கொசுத்தேனீ போதும். கொட்டாது என்பதால் உள்ளே வேலை செய்பவர்களுக்கும் நிம்மதி.

அப்புறம், பெட்டி வைத்தால் எந்தக் காயும் கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். குடில் வெள்ளரி ரகங்கள் பெரும்பாலும் மகரந்தமே இல்லாமல் காய்ப்பவை, அவற்றுக்குத் தேனீ தேவையில்லை.