எக்ஸ்ரே சுத்தமா இருந்தா மட்டும் போதாது தம்பி

தம்பி, படிக்க இங்கிலாந்து போறீங்க. விசாவுக்கு நெஞ்சு எக்ஸ்ரே வேணும்னு சேலத்துல இருந்து சென்னைக்கு அலைஞ்ச கடுப்புல, "நம்மகிட்ட இருந்து வெள்ளைக்காரனுக்கு டிபி ஒட்டிக்கும்னு பயமா? அங்க வாடகை எவ்வளவு? குளிர் தாங்குமா?"ன்னு கேட்டிருக்கீங்க. வாடகை ஊருக்கு ஊர் மாறும். குளிர், ஏற்காட்டு மார்கழியோட பெரியண்ணன், அவ்வளவுதான். எக்ஸ்ரே பத்தித்தான் பேசணும். இங்கிலாந்துல இருந்து லீவுல சேலம் அஸ்தம்பட்டிக்கு வந்திருக்கேன், நேரம் இருக்கு.

நம்ம நாடு மாதிரி டிபி அதிகமா இருக்கற நாடுகள்ல இருந்து போய் ஆறு மாசத்துக்கு மேல தங்கறவங்க எல்லாருக்கும், டிபி இல்லைங்கற அந்தச் சான்றிதழ் வேணும். அவமானமா நினைக்காதீங்க. ஆனா கையில வாங்கிட்டா இனி டிபியே வராதுன்னும் நினைக்காதீங்க. எக்ஸ்ரே, எடுத்த அன்னைக்கு நுரையீரல் எப்படி இருக்குன்னுதான் காட்டும். எப்பவோ உள்ள போய்த் தூங்கற கிருமி அதுல தெரியாது. அப்படிக் கிருமி இருக்கறவங்கள்ல நூத்துக்கு அஞ்சு பத்துப் பேருக்குத்தான் நோயாகும். அங்க போய்ச் சில வருஷம் கழிச்சுப் படுக்கறவங்க பெரும்பாலும் இந்த வகைதான். இப்படிப்பட்ட நாடுகள்ல இருந்து புதுசா வந்த, 16லிருந்து 35 வயசுக்குள்ள இருக்கறவங்களை, தூங்கற கிருமி இருக்கான்னு பார்க்க ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிடுவாங்க. கூப்பிட்டா போங்க. பிறந்தப்பவே டிபிக்கான பிசிஜி தடுப்பூசி போட்டாச்சேன்னு வாதாடாதீங்க. செங்கல்பட்டுல 1968ல ஆரம்பிச்ச பெரிய ஆய்வுலயே, பெரியவங்களுக்கு வர்ற நுரையீரல் டிபியை அது தடுக்கலைன்னு தெரிஞ்சுபோச்சு.

வெள்ளைக்காரனுக்கு ஒட்டுமா? டென்மார்க்ல கிருமியோட மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தாங்க. அங்க குடியேறின சோமாலியாக்காரங்ககிட்ட இருந்து உள்ளூர்க்காரங்களுக்குப் போனது ரொம்பக் குறைச்சல். மூடின அறையில ரொம்ப நேரம் கூடவே மூச்சு விட்டாத்தான் பெரும்பாலும் பரவும். நம்மகூட அப்படி இருக்கறது யாரு? நம்மாளுங்கதான். வீட்டை வாடகைக்கு விடற நம்ம ஊர்ப் பெரிய மனுசங்க மூணு பேர் அறையில ஆறு பேரை அடைப்பாங்க, ஹீட்டர் காசு போகும்னு ஜன்னலைத் திறக்க விடமாட்டாங்க. கோயில் நன்கொடைன்னா மட்டும் முதல் ஆளு! நான் டிசம்பர்லயும் திறந்துதான் வைப்பேன், திட்டு வாங்கிக்கிட்டே.

இங்க டீக்கடையில ஒருத்தர், வடக்க இருந்து வேலைக்கு வர்ற பசங்கதான் டிபி கொண்டாறாங்கன்னு அளந்துட்டு இருந்தார். அவர் மகன் லண்டன்ல இருக்கான்.

இங்கிலாந்துல என் அறையில நம்ம சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பையன் ஒருத்தன் இருந்தான், கொலுசுப் பட்டறைக் குடும்பம். வாரக்கணக்கா இருமல், ராத்திரி வேர்வை, பேண்ட் இடுப்புல நிக்கலை. ஊருக்குத் தெரிஞ்சா தங்கச்சி கல்யாணம் நின்னுடும்னு மறைச்சான். கிருமியை விட இந்த மறைப்புதான் ஆபத்து. மூணு வாரம் தாண்டின இருமல்னா டாக்டர்கிட்ட போயிடுங்க. விசா எதுவா இருந்தாலும் அங்க டிபி வைத்தியம் இலவசம். சாதாரண டிபின்னா மாத்திரை ஆறு மாசம், சரியாப் போட்டா ரெண்டு வாரத்துலயே பெரும்பாலும் பரவறது நின்னுடும். ஆஸ்பத்திரியில கிடக்காம வீட்டுல இருந்தே குணமாகலாம், கூட இருக்கறவங்களுக்கும் அதனால கூடுதல் ஆபத்து இல்லைன்னு உலகத்துக்குக் காட்டினதே நம்ம சென்னையில 1956ல ஆரம்பிச்ச ஆராய்ச்சி மையம்தான். பிரிட்டிஷ்காரங்களும் சேர்ந்து செஞ்சது. அங்க எவன் மூக்கைச் சுளிச்சாலும் இதை நான் சொல்லாம விடறதில்லை.

கடைசியில நாங்க இழுத்துட்டுப் போனோம், எங்களையும் சேர்த்துச் சோதிச்சாங்க. மாத்திரை போட்ட மறுநாள் சிறுநீர் ஆரஞ்சா போகுதுன்னு பாத்ரூம்ல இருந்து அலறினான். மருந்தோட நிறம்தான்னு நர்ஸ் சொல்லியும் நம்பலை. தங்கச்சி கல்யாணம் இங்க ஜாம்ஜாம்னு நடந்துச்சு, பந்தியில ஓடி ஓடிப் பரிமாறினது அவன்தான்.