எல்விரா ஏன் பன்றிக்கறி சாப்பிடவில்லை?

அன்புள்ள ஐயா,

ஸ்பெயினில் யூதர்களை எரித்த இன்குவிசிஷன் பற்றி ஓர் ஆவணப்படம் பார்த்தேன். வெளியே கிறிஸ்தவராக மாறிவிட்டு, வீட்டுக்குள் தங்கள் மதத்தை வைத்துக்கொண்டிருந்தால் பிழைத்திருக்கலாமே? பிடிவாதம்தானே அவர்களை அழித்தது? மொத்தம் எத்தனை லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள்? இதை நாவலாக எழுதும் எண்ணம் உண்டா?

ர., திருநெல்வேலி

அன்புள்ள ர.,

நாவல் எண்ணம் இல்லை. கொஞ்ச நாளாக கார்சியா த ஓர்த்தா என்ற போர்ச்சுகீசிய வைத்தியரைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்ததால் உடனே எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் யோசனையைத்தான் அவர்கள் செய்தார்கள். செய்ததற்காகத்தான் எரிக்கப்பட்டார்கள். அந்தப் படம் இதைச் சொல்லவில்லை என்றால் அதை மறந்துவிடுங்கள். ஞானஸ்நானம் வாங்காத யூதரை அவருடைய மதத்துக்காக விசாரிக்க இன்குவிசிஷனுக்கு அதிகாரம் கிடையாது. அது கிறிஸ்தவர்கள் மதம் தவறுகிறார்களா என்று விசாரிக்கும் கத்தோலிக்க மன்றம். 1391இல் செவில் நகரில் தொடங்கிய கலவரம் ஊர் ஊராகப் பரவியபோது, உயிருக்குப் பயந்து பல்லாயிரம் பேர் மதம் மாறினார்கள். 1480களில் கூண்டில் நின்றவர்களில் அவர்களுடைய பேரன் பேத்திகள் உண்டு. பிறந்தபோதே முழுக்குப் பெற்றவர்கள். மாறாதவர்களை 1492இல் நாலு மாதம் கெடு வைத்து நாட்டைவிட்டே துரத்தினார்கள்.

சரி, வீட்டுக்குள் வைத்துக்கொள்வது என்கிறீர்களே, அந்த வீட்டைப் பார்ப்போம்.

எல்விரா தெல் காம்போ என்று ஒரு பெண். மத்ரிதேஹோஸ் ஊரில் பத்திரம் எழுதுபவரின் மனைவி, மதம் மாறிய யூத வம்சம். பூசைக்குப் போவாள், பாவசங்கீர்த்தனம் செய்வாள், இரக்கமுள்ளவள். இதைச் சொன்னதும் அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களேதான். ஆனால் பன்றிக்கறி சாப்பிடமாட்டாள். சனிக்கிழமை வெளுத்த துணி உடுத்துவாள். இரண்டும் யூத வழக்கம். குற்றச்சாட்டின் சாரம் அவ்வளவுதான். சொன்னவர்கள் அவள் வீட்டில் வேலை செய்தவர்களும் அக்கம்பக்கத்தாரும். 1567 ஜூலையில் தொலேதோ மன்றம் அவளைப் பிடித்தபோது கர்ப்பிணி. பிரசவம் ஆகட்டும் என்று காத்திருந்தார்கள். அப்புறம் கயிறு கட்டி முறுக்கினார்கள். பக்கத்தில் எழுத்தர் ஒருவர் ஒவ்வொரு கதறலையும் எழுதிக்கொண்டார், அது நடைமுறை. என்ன சொல்ல வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள், சொல்லிவிடுகிறேன் என்று கெஞ்சுகிறாள். பன்றிக்கறி உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்கிறாள். உண்மையைச் சொல் என்கிறார்கள். மறுபடி முறுக்குகிறார்கள். கடைசியில், பதினோரு வயதில் அம்மா சொல்லிக்கொடுத்தது என்று ஒப்புக்கொண்டாள்.

அவள் மனசுக்குள் உண்மையில் என்ன இருந்தது? அந்தப் பதிவை வைத்து யாராலும் சொல்ல முடியாது. முறுக்கியவர்களாலும் முடிந்திருக்காது. இதைத்தான் நான் எப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அலுத்துப்போனவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம்: கத்தியைக் காட்டி ஒருவனை மாற்றியவன், அவன் மாறிவிட்டான் என்று ஒருநாளும் நம்பமாட்டான். கத்தி இல்லாமல் அவன் மாறியிருக்க மாட்டான் என்று இவனுக்குத்தானே நன்றாகத் தெரியும். அதனால் தட்டைப் பார்ப்பான், துணியைப் பார்ப்பான். அந்தக் காலத்துப் பாதிரியார் பெர்னால்தெஸ், இவர்கள் பன்றிக்கொழுப்புக்குப் பதில் எண்ணெயில் சமைப்பதால் வீடே நாறுகிறது என்று வரலாற்று நூலில் எழுதி வைத்தார். இன்று ஆலிவ் எண்ணெய் இல்லாமல் ஸ்பெயினில் அடுப்பு எரியாது, அது வேறு கதை. தட்டிலும் ஒன்றும் கிடைக்காவிட்டால் ரத்தத்தைப் பார்ப்பான். ஸ்பெயினில் இன்குவிசிஷன் வருவதற்கு முன்பே, 1449இல், யூத வம்சத்தில் வந்த கிறிஸ்தவர்களுக்குப் பதவி கிடையாது என்று தொலேதோவில் சட்டம் போட்டாயிற்று. மாறு என்றார்கள், மாறினார்கள். அதற்கப்புறம் தாத்தா யார் என்று கேட்டார்கள். பிடிவாதம் யாருடையது, ர.?

உங்கள் கேள்வியில் கெட்ட எண்ணம் இல்லை என்று தெரியும். வம்புக்குப் போகாதே, வளைந்துகொடுத்துப் பிழைத்துக்கொள் என்று சொல்லித்தான் நம் எல்லாரையும் வளர்த்தார்கள். ஓர்த்தாவும் அப்படிப் பிழைத்தவர்தான். பெற்றோர் ஸ்பெயினிலிருந்து போர்ச்சுகலுக்கு ஓடி, அங்கே 1497இல் கட்டாய முழுக்குக்கு ஆளானவர்கள். இவர் 1534இல் கோவாவுக்கு வந்தார். போர்ச்சுகீசிய ஆளுநர்களுக்கும் அகமத்நகர் நிஜாம் ஷாவுக்கும் வைத்தியம் பார்த்தார். நம் மூலிகைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1563இல் கோவாவிலேயே அச்சானது. 1568இல் கிறிஸ்தவராகவே செத்தார். மறு வருடம் அவர் தங்கை கத்தரீனாவை கோவா இன்குவிசிஷன் எரித்தது. 1580இல் இவருடைய எலும்புகளைத் தோண்டியெடுத்து எரித்தார்கள். பனாஜியில் சர்ச் பக்கத்தில் அவர் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது. அங்கே உட்கார்ந்து கடலை தின்றிருக்கிறேன், அவர் யார் என்று தெரியாமலே.

எத்தனை லட்சம் என்று கேட்டீர்கள். லட்சமெல்லாம் இல்லை. ஸ்பெயினில் மொத்தம் 3,000 முதல் 5,000 பேர் என்பது இன்றைய ஆய்வாளர்கள் பலர் சொல்லும் கணக்கு. எல்விரா இதில் வரமாட்டாள். அவளுக்குக் கிடைத்தது சொத்துப் பறிமுதலும், சிறையும், பாவி என்று ஊருக்குக் காட்டும் அங்கியும்தான்.

அன்புடன்