மரச்சில்லு பாய்லரில் தார் படிவது ஏன்?

பல கட்டடங்களுக்குச் சுடுநீர் அனுப்பும் மரச்சில்லு பாய்லரில் தார் படிகிறது, ஏன் என்பது கேள்வி. முதலில் திரும்பி வரும் நீரின் வெப்பநிலையைப் பாருங்கள். 55 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் புகையிலுள்ள ஈரம் உட்சுவரில் வியர்த்து, தாரோடு சேர்ந்து இரும்பை அரிக்கும். திரும்பும் நீரோடு பாய்லரின் சுடுநீரைக் கலக்கும் கலப்பு வால்வு போட்டு 60-க்கு மேல் வையுங்கள்.

சில்லின் ஈரமும் முக்கியம். 30 சதவீத ஈரத்தில் கிலோவுக்குச் சுமார் 3.5 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் கிடைக்கும். 50 சதவீதமானால் 2.2தான். அள்ளினால் கை நனைகிற சில்லை இறக்கவே விடாதீர்கள்.

ஆனால் பெரும்பாலும் கோளாறு பாய்லரின் அளவில்தான். கடுங்குளிர் நாளைக் கணக்குப் பண்ணி வாங்கிய பெரிய பாய்லர், மற்ற நாளெல்லாம் எரியாமல் புகைந்துகொண்டே கிடக்கும். தார் அங்கேதான் பிறக்கிறது. பாய்லர் திறனில் கிலோவாட்டுக்கு 20 முதல் 30 லிட்டர் கொள்ளும் சுடுநீர்ச் சேமிப்புத் தொட்டி இருந்தால், பாய்லர் முழுவீச்சில் எரிந்துவிட்டு ஓயும்.